பல் இம்பிளான்டுக்கு எஃப்.டி.ஏ. 510(கே) அனுமதி: பிரெடிகேட்டை (ஒப்பீட்டுக்கான முந்தைய பொருளை) எப்படித் தேர்ந்தெடுப்பது, எவற்றைச் சோதிப்பது?

திருகாணி (கேள்வி)

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம். எலும்பு முறிவு அறுவைக்கான திருகுகளையும் தகடுகளையும் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். டைட்டேனியத்தைக் கடைவதிலும் சுத்தப்படுத்துவதிலும் எங்களுக்கு நெடுநாள் பழக்கம் உண்டு என்பதால், பல் இம்பிளான்ட் தயாரிப்பிலும் இறங்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்து, அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.டி.ஏ.விடம் 510(கே) என்ற சந்தை அனுமதி கேட்கும் கோப்பைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. வடிவமைப்பு எனக்குப் பிடிபட்ட துறை, ஒழுங்குமுறைதான் புதிது.

எங்கள் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேர் வடிவ இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பல்வேர்போலப் பதியும் திருகு. டைட்டேனியம், அலுமினியம், வனேடியம் கலந்த, மாசு மிகக் குறைந்த ஈ.எல்.ஐ. ரக உலோகம், எலும்பு மட்டத்தில் அமரும் உடல், உட்புறக் கூம்பு இணைப்பு, துகள் வீசி அமிலத்தில் அரித்த மேற்பரப்பு. விட்டம் 3.0 முதல் 5.0 மி.மீ. வரை, நீளம் 6 முதல் 14 மி.மீ. வரை. இவற்றுடன் நேரான அபட்மென்ட் (இம்பிளான்டையும் மேலே வரும் செயற்கைப் பல்லையும் இணைக்கும் இடைத்துண்டு), 15 பாகையும் 25 பாகையும் சாய்ந்த அபட்மென்ட்கள், கிரீடத்தை, அதாவது செயற்கைப் பல்லை, ஒட்டுவதற்கான டைட்டேனியம் பேஸ், இணைப்புத் திருகு ஆகியவையும் உண்டு.

சந்தையில் இதுபோன்ற இம்பிளான்ட்கள் ஏராளமாக இருப்பதால் எங்களுடையது புதுமையானது என்று சொல்ல முடியாது. ஆனாலும் "ஏற்கெனவே உள்ளதைப் போன்றது" என்பதை எந்த அளவுக்கு, எந்தெந்தக் கூறுகளில் காட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. உடலுக்கு ஒரு நிறுவனத்தின் பொருளையும், மேற்பரப்புக்கு மற்றொன்றையும், சிறிய விட்டத்துக்கு மூன்றாவதையும் ஒப்பீடாகக் காட்டலாமா? அளவுகள் இத்தனை இருக்கும்போது ஒவ்வொன்றையும் இயந்திரச் சோதனைக்கு உட்படுத்த வேண்டுமா? மனிதர்களிடம் செய்யும் ஆய்வு தேவைப்படுமா? இதற்கிடையில் ஒரு விநியோகஸ்தர், எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ் ஒன்றை வாங்கிவிட்டால் விற்பனையைத் தொடங்கிவிடலாம் என்று எங்கள் நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறார். அது சரியா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

சீராய்வாளர்

திருகாணி அவர்களுக்கு வணக்கம். கடைசிக் கேள்வி அவசரமானது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். விநியோகஸ்தர் சொன்னது தவறு. நிறுவனத்தைப் பதிவு செய்வதும் பொருளைப் பட்டியலிடுவதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய நிர்வாகக் கடமைகள் மட்டுமே. அவற்றால் பொருள் சந்தைக்கு வரும் உரிமை பெறுவதில்லை. எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ் எதையும் வழங்குவதும் இல்லை. அப்படி ஒரு தாள் உங்கள் மேசைக்கு வந்தால் அது யாரோ ஒரு தனியார் இடைத்தரகர் அச்சிட்டதாகத்தான் இருக்கும். பதிவு செய்திருப்பதையோ 510(கே) எண் பெற்றிருப்பதையோ காட்டி, அரசு இப்பொருளுக்குச் சான்றளித்துவிட்டது என்ற எண்ணத்தை விளம்பரத்தில் உண்டாக்குவதும் விதிமீறலாகும். இதை உங்கள் விற்பனைப் பிரிவுக்கு இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் அனுமதிக் கடிதம் வந்த மறுநாளே அவர்கள் செய்யும் முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

இனி முதன்மையான விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான இன்றைய ஒழுங்குமுறை, 1976 மே 28 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்திலிருந்து தொடங்குகிறது. வேர் வடிவ இம்பிளான்ட்கள் தொடக்கத்தில் மிகக் கடுமையான மூன்றாம் வகுப்பில் வைக்கப்பட்டிருந்தன. 2004 மே மாதத்தில்தான் அவை, சிறப்புக் கட்டுப்பாடுகளுடன் கூடிய இரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்டன. அந்த மாற்றத்தோடு வெளியான வழிகாட்டி ஆவணம்தான் இம்பிளான்ட் கோப்பு ஒவ்வொன்றுக்கும் அடிப்படை. அதை முதலில் வரிக்கு வரி படித்துவிடுங்கள். இங்கு நாங்கள் சொல்லும் எதுவும் அதற்கு மாற்று ஆகாது. இம்பிளான்ட் உடலுக்குரிய வகைக் குறியீடு டி.இசட்.இ.; அபட்மென்டுக்குரியது என்.எச்.ஏ. எஃப்.டி.ஏ.வின் பொதுத் தரவுத்தளத்தில் இந்த இரு குறியீடுகளையும் இட்டுத் தேடினால் அனுமதி பெற்ற பொருள்களின் சுருக்க அறிக்கைகள் கிடைக்கும். அவற்றில் சிலவற்றையாவது முழுமையாகப் படித்தபின் உங்கள் கேள்விகளில் பாதி தாமாகவே கரைந்துவிடும்.

510(கே) கோப்பு என்பது உங்கள் இம்பிளான்ட் சிறந்தது என்று நிறுவும் வாதம் அன்று. சட்டபூர்வமாக ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு பொருளுக்கு அது சாராம்சத்தில் ஒப்பானது என்று நிறுவும் வாதம். அந்த முந்தைய பொருளைத்தான் பிரெடிகேட் என்கிறோம். கோப்பைப் பார்ப்பவர் முதலில் பயன்பாட்டு நோக்கம் ஒன்றுதானா என்று பார்க்கிறார். அடுத்து, தொழில்நுட்பக் கூறுகளில் வேறுபாடு இருந்தால், அந்த வேறுபாடு பாதுகாப்பு குறித்தும் செயல்திறன் குறித்தும் பிரெடிகேட்டுக்கு எழாத புதிய வகைக் கேள்விகளை எழுப்புகிறதா என்று பார்க்கிறார். எழுப்பவில்லை என்றால், எஞ்சிய வேறுபாடுகளைச் சோதனைத் தரவுகளைக் கொண்டு விளக்க வேண்டும். எனவே பிரெடிகேட் தேர்வைக் கோப்பின் முதல் பக்கத்தில் நிரப்பும் ஒரு கட்டமாக எண்ணக்கூடாது. நீங்கள் செய்ய வேண்டிய சோதனைகள், அவற்றின் ஏற்பளவு, பயன்பாட்டு வாசகம் ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பது அதுதான்.

ஒன்றுக்கு மேற்பட்ட பிரெடிகேட்டுகளைக் காட்டலாம். ஆனால் நோக்கத்தை ஒன்றிலிருந்தும் தொழில்நுட்பத்தை வேறொன்றிலிருந்தும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்தால் எங்கள் பொருள் ஆகிவிடுகிறது என்று வாதிடுவதை எஃப்.டி.ஏ. ஏற்பதில்லை. நோக்கம், உலோகம், இணைப்பு, அளவு ஆகியவற்றில் பெரும்பாலும் ஒத்துப்போகும் ஒரே முதன்மைப் பிரெடிகேட்டைப் பிடியுங்கள். அதில் இல்லாத அளவுகளுக்கு மட்டும் கூடுதல் பிரெடிகேட்டைச் சேருங்கள். மேற்பரப்புச் சிகிச்சை, கிருமி நீக்க முறை போன்றவற்றுக்கு வேறு பொருள்களை ஆதாரக் கருவிகளாக மட்டும் சுட்டலாம். ஆதாரக் கருவி உங்கள் சோதனை முறை பொருத்தமானதுதான் என்று காட்ட உதவுமே தவிர, ஒப்பீட்டின் சுமையைத் தாங்காது.

உங்கள் பட்டியலில் என்னை நிறுத்தியவை 3.0 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. நீளமும். 2004 வழிகாட்டி, 3.25 மி.மீ.க்குக் குறைந்த விட்டம், 7 மி.மீ.க்குக் குறைந்த நீளம், 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வு ஆகியவற்றைத் தனியே சுட்டி, மருத்துவத் தரவு தேவைப்படக்கூடிய இடங்களாக வைக்கிறது. பின்னாளில் இத்தகைய அளவுகளும் பலவாக அனுமதி பெற்றுள்ளதால் பிரெடிகேட் கிடைக்காமல் போகாது. ஆயினும் 3.0 மி.மீ. இம்பிளான்ட்களின் பயன்பாட்டு வாசகத்தைப் பாருங்கள்: பெரும்பாலானவை கீழ்த்தாடையின் நடு, பக்க வெட்டுப்பற்களுக்கும் மேல்தாடையின் பக்க வெட்டுப்பற்களுக்கும் மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. உங்கள் வாசகம் அந்த வரம்பைத் தாண்டினால் ஒப்பீடு அங்கேயே உடைந்துவிடும். குட்டை இம்பிளான்டுக்கு எலும்போடு தொடும் பரப்பையும், பிடுங்கி எடுக்கத் தேவைப்படும் விசையையும் பிரெடிகேட்டோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். முதல் கோப்பில் இந்த இரண்டு அளவுகளையும் விட்டுவிட்டு, 3.5 மி.மீ.க்கு மேற்பட்ட விட்டங்களையும் 8 மி.மீ.க்கு மேற்பட்ட நீளங்களையும் மட்டும் எடுத்துச் செல்லுங்கள் என்பதே என் ஆலோசனை. அவற்றுக்குப் பெரும்பாலும் மருத்துவ ஆய்வு தேவைப்படாது. ஆய்வகச் சோதனைகளே போதுமானவை. அந்த அனுமதி கிடைத்தபின் உங்கள் சொந்த இம்பிளான்டே அடுத்த கோப்புக்குப் பிரெடிகேட் ஆகிவிடும்.

அளவுகோல்

இயந்திரச் சோதனைக்கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

எல்லா அளவுகளையும் சோதிக்கத் தேவையில்லை. மிக மோசமான சேர்க்கையைச் சோதிக்க வேண்டும், அது ஏன் மிக மோசமானது என்பதை எழுத்தில் நிறுவவும் வேண்டும். பெரும்பாலான பொறியாளர்கள் மிகச் சிறிய விட்டத்தை எடுத்துக்கொண்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சோதிக்கப்படுவது இம்பிளான்ட் மட்டும் அன்று. இம்பிளான்ட், அபட்மென்ட், இணைப்புத் திருகு மூன்றும் சேர்ந்த தொகுதி. மெல்லிய சுவர் கொண்ட உடல், அதிகச் சாய்வுள்ள அபட்மென்ட், ஈறு மட்டத்துக்கு மேல் மிக உயரமான கழுத்து ஆகியவை ஒரே சேர்க்கையில் கூடும் இடம் எது என்று தேட வேண்டும். உங்கள் வரிசையில் பெரிய விட்டங்களுக்கும் சிறிய விட்டத்துக்கும் ஒரே கூம்பு இணைப்பா, வெவ்வேறா என்று நீங்கள் சொல்லவில்லை. வெவ்வேறானால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு மோசமான சேர்க்கையைத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.

சோதனைக்கான தரநிலை ஐ.எஸ்.ஓ. 14801. இம்பிளான்டைத் தாங்கியில் பதிக்கும்போது, எலும்பு காலப்போக்கில் தேய்ந்து இறங்குவதைக் கணக்கில் கொண்டு, உரிய எலும்பு மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே பிடிக்க வேண்டும். அதாவது மேல் 3 மி.மீ. தாங்குதலின்றி வெளியே நிற்கும். நேரான அபட்மென்ட் என்றால் இம்பிளான்டின் அச்சு சுமையின் திசையோடு 30 பாகை சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்த அபட்மென்டுகளுக்கு அமைப்புக் கோணம் வேறு, அதைத் தரநிலையில் பார்த்துக்கொள்ளுங்கள். முனையில் அரைக்கோள வடிவ மூடி பொருத்தி அதன்மீது சுமை ஏற்றப்படும். முதலில் ஒரே மூச்சில் முறியும்வரை அழுத்தி நிலைச் சுமையைக் கண்டறிகிறோம். அதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் ஃபடீக் சோதனையை (மீண்டும் மீண்டும் சுமை ஏற்றிப் பார்ப்பதை) தொடங்கி, குறைந்தது நான்கு சுமை நிலைகளில் படிப்படியாக இறங்குகிறோம். உலர்ந்த காற்றில் என்றால் நொடிக்கு 15 சுழற்சிகளுக்கு மிகாமல் 50 லட்சம் சுழற்சிகள். உப்புக்கரைசலில் என்றால் நொடிக்கு 2 சுழற்சிகளுக்கு மிகாமல் 20 லட்சம். மிகக் குறைந்த சுமை நிலையில் குறைந்தது மூன்று மாதிரிகள் முறிவின்றி அந்த எண்ணிக்கையைக் கடந்தாக வேண்டும்.

இந்தத் தரநிலை "இத்தனை நியூட்டன் தாங்கினால் தேர்ச்சி" என்று எங்கும் சொல்வதில்லை. வெவ்வேறு வடிவங்களையும் அளவுகளையும் ஒப்பிடுவதற்கான முறையை மட்டுமே அது தருகிறது. வாய்க்குள் இம்பிளான்ட் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அதைக்கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் வெளிப்படையாகக் கூறிவிடுகிறது. ஆகவே உங்கள் எண் எதோடு ஒப்பிடப்படும் என்ற கேள்வி மறுபடியும் பிரெடிகேட்டில்தான் வந்து நிற்கும். சுருக்க அறிக்கையில் பிரெடிகேட்டின் ஃபடீக் எல்லை வெளியிடப்பட்டிருப்பது அரிது. எனவே பிரெடிகேட்டைச் சந்தையில் வாங்கி, உங்களுடையதோடு சேர்த்து ஒரே இயந்திரத்தில், ஒரே அமைப்பில் சோதித்துவிடுங்கள். செலவு கூடினாலும், பின்னால் எழும் கேள்விகளில் பல இதனால் முளையிலேயே அடங்கிவிடும்.

மாதிரிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடைசல் முடிந்த கையோடு மாதிரிகளை எங்களிடம் அனுப்பும் நிறுவனங்கள் உண்டு. துகள் வீசி, அமிலத்தில் அரித்து, கழுவி முடித்த இறுதிப் பொருளைத்தான் சோதிக்க வேண்டும், ஏனெனில் அரித்த மேற்பரப்பின் நுண்பள்ளங்களிலிருந்தே பல நேரங்களில் விரிசல் தொடங்குகிறது. இணைப்புத் திருகையும் உங்கள் பயன்பாட்டுக் குறிப்பேட்டில் எழுதப்போகும் அதே முறுக்கு விசையில் இறுக்க வேண்டும். குறிப்பேட்டில் ஓர் எண்ணும் சோதனை அறிக்கையில் வேறோர் எண்ணும் இருந்தால் கேள்வி நிச்சயம் வரும்.

திருகாணி

சீராய்வாளர் அவர்களுக்கும் அளவுகோல் அவர்களுக்கும் மிக்க நன்றி. எங்கள் வரிசையில் 3.0 மி.மீ. விட்டத்துக்கு மட்டும் குறுகிய இணைப்பு. மற்ற எல்லா விட்டங்களுக்கும் ஒரே இணைப்புதான். அந்த அளவைத் தள்ளிவைத்தால் சோதனையும் சுருங்கும் என்பது இப்போது தெளிவாகிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்கள் டைட்டேனியம் பேஸை, சந்தையில் பரவலாக உள்ள வேறு நிறுவனங்களின் இம்பிளான்ட்களுக்கும் பொருந்தும்படி தயாரித்து, அதையும் இதே கோப்பில் சேர்க்கலாம் என்று விற்பனைப் பிரிவு விரும்புகிறது. இது எவ்வளவு சிக்கலானது? மற்றொன்று, இதே கோப்பை ஐரோப்பாவுக்கும் பயன்படுத்த முடியுமா?

வெண்பல்

நான் இம்பிளான்ட் பொருத்தும் பல் மருத்துவர். ஒழுங்குமுறை வல்லுநர் அல்லர். ஆயினும் பிற நிறுவனங்களின் இம்பிளான்டில் பொருந்தும் பேஸ் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

திருகு தளர்ந்து திரும்பி வரும் நோயாளிகளிடம், இம்பிளான்ட் ஒரு நிறுவனத்துடையதாகவும் மேலே உள்ள பாகம் வேறொன்றுடையதாகவும் இருப்பதைக் காண்கிறோம். பொருந்துகிறது என்பது வேறு, பொருத்தமானது என்பது வேறு. கூம்பு இணைப்பில் சில மைக்ரான் வேறுபாடு இருந்தாலும் சுமை சுவர் முழுவதும் பரவாமல் ஒரு விளிம்பில் குவிகிறது; திருகு நெகிழ்கிறது, அல்லது இம்பிளான்டின் கழுத்து பிளக்கிறது. முறிந்த அபட்மென்டை மாற்றிவிடலாம். பிளந்த இம்பிளான்டை எலும்பைக் குடைந்துதான் எடுக்க வேண்டும்.

நான் புதிய பாகம் ஒன்றை ஏற்கும் முன் அதன் 510(கே) சுருக்க அறிக்கையில் உள்ள பொருந்துமைப் பட்டியலைப் பார்ப்பது வழக்கம். எந்த நிறுவனத்தின் எந்த வரிசை, எந்த விட்டம் என்று பெயர் சொல்லி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம். "எல்லா முன்னணி வகைகளுக்கும் பொருந்தும்" என்று விளம்பரத்தில் இருந்து, பட்டியலில் நான்கே பெயர்கள் இருந்தால், நான்குக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவேன்.

சீராய்வாளர் ஐயா 3.0 மி.மீ.யைத் தள்ளிவைக்கச் சொல்வதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. மேல் பக்க வெட்டுப்பல் பிறவியிலேயே இல்லாத இளவயதினருக்கு அந்த இடைவெளியில் 3.5 மி.மீ. நுழைக்க இயலாமல் போவதுண்டு. குறுகிய அளவு இல்லாத வரிசையை மருத்துவர்கள் முழு வரிசையாகக் கருத மாட்டார்கள். தள்ளிவைப்பதானால் கைவிட்டுவிடாமல் இரண்டாவது கோப்பை உடனே தொடருங்கள்.

சீராய்வாளர்

வெண்பல் அவர்கள் சொன்னது நியாயமே. தள்ளிவைப்பது தந்திரத்துக்காகத்தான், தேவையில்லை என்பதற்காக அன்று.

பிற நிறுவன இம்பிளான்டுக்கான பேஸைப் பொறுத்தவரை என் பதில்: இந்தக் கோப்பில் வேண்டாம். அதற்கு, அந்தந்த நிறுவனத்தின் இம்பிளான்ட் உடல், அபட்மென்ட், திருகு மூன்றையும் வாங்கி, பல மாதிரிகளில் முக்கிய அளவுகளையெல்லாம் அளந்து, அவர்களுடைய அளவு வரம்புகளை ஊகித்து, உங்கள் வரம்புகள் அவற்றுக்குள் அடங்குகின்றன என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு பொருந்துமைக்கும் ஃபடீக் சோதனையோ, அது ஏன் தேவையில்லை என்ற விளக்கமோ வேண்டும். அவர்கள் நாளை தங்கள் இணைப்பை மாற்றினால் உங்களுக்குத் தெரிவிக்கப் போவதும் இல்லை. இது தனித் தொழில். அதற்குத் தனிக் கோப்பு போடட்டும்.

உங்கள் சொந்த இம்பிளான்டுக்கான பேஸிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேஸின் மேல் ஒட்டப்படும் மேற்கட்டமைப்பை ஒவ்வொரு நோயாளிக்கும் கணினியில் வடிவமைக்கிறார்கள் அல்லவா? பேஸும் அந்த மேற்பகுதியும் சேர்ந்ததுதான் முழு அபட்மென்ட் என்று எஃப்.டி.ஏ. பார்க்கிறது. எனவே மேற்பகுதி எந்தப் பொருளால் ஆனது, சுவரின் குறைந்தபட்சத் தடிமன் என்ன, கிரீடத்தைத் தாங்கும் தூணின் குறைந்தபட்ச உயரம் என்ன, ஈறு உயரத்தின் வரம்பு என்ன, எத்தனை பாகை வரை சாய்க்கலாம் என்ற வடிவமைப்பு எல்லைகளைக் கோப்பில் எழுத வேண்டும். ஃபடீக் சோதனையையும் அந்த எல்லைகளின் மிக மோசமான முனையில் செய்ய வேண்டும். அந்த எல்லைகளை மென்பொருள் மீற விடாது என்பதையும் காட்ட வேண்டியிருக்கலாம். பேஸ் மட்டும் நேரானது என்பதால் சாய்வே இல்லை என்று எழுதிவிட முடியாது.

எல்லைக்கோடு

ஐரோப்பா பற்றி எழுதுகிறேன். சோதனை அறிக்கைகளில் பெரும்பகுதியை அப்படியே பயன்படுத்தலாம். வாதத்தைப் பயன்படுத்த முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 எண்ணுள்ள மருத்துவக் கருவி ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் எட்டாம் விதிப்படி நீண்டகாலம் உடலில் இருக்கும் இம்பிளான்ட்கள் பொதுவாக இரண்டு-பி வகுப்பில் சேரும். பல்லுக்குள்ளேயே வைக்கப்படுபவை மட்டும் அதற்குக் கீழே இரண்டு-ஏ வகுப்பில் அமைகின்றன. தாடை எலும்பில் பதியும் பல் இம்பிளான்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. பல் அடைப்பு, பற்கட்டுக் கம்பி, கிரீடம், திருகு, தகடு போன்ற சிலவற்றுக்குப் பல விலக்குகளை ஒழுங்குமுறை பெயர் சொல்லித் தருகிறது. அந்தப் பட்டியலில் பல் இம்பிளான்டின் பெயர் இல்லை. ஆகவே தொழில்நுட்பக் கோப்பு, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட தணிக்கை நிறுவனமான அறிவிக்கப்பட்ட அமைப்பால் ஆராயப்படும், நோயாளியிடம் இம்பிளான்ட் அட்டை கொடுக்கப்பட வேண்டும், பாதுகாப்பையும் மருத்துவச் செயல்திறனையும் கூறும் சுருக்கத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

மிகப் பெரிய வேறுபாடு மருத்துவ ஆதாரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் உங்கள் போட்டியாளரின் இம்பிளான்டை அவரைக் கேளாமலேயே பிரெடிகேட்டாகச் சுட்டலாம். ஐரோப்பாவில், இம்பிளான்ட் விஷயத்தில் வேறொரு தயாரிப்பாளரின் பொருளுக்கு நிகரானது என்று கூறி மருத்துவ ஆய்வைத் தவிர்க்க வேண்டுமானால், அவருடைய தொழில்நுட்ப ஆவணங்களை முழுமையாகவும் தொடர்ச்சியாகவும் பார்க்க அனுமதிக்கும் ஒப்பந்தம் உங்களிடம் இருக்க வேண்டும். எந்தப் போட்டியாளர் அப்படி ஒப்பந்தம் செய்துகொள்வார்? அதனால் புதிதாக வரும் நிறுவனம் தன் சொந்த இம்பிளான்டில் மருத்துவ ஆய்வு நடத்த ஆயத்தமாக இருப்பதே பாதுகாப்பானது. பழைய நெறிமுறையின்கீழ்ச் சான்று பெற்ற இம்பிளான்ட்களுக்கு, சில நிபந்தனைகளுடன், 2027 டிசம்பர் 31 வரை நீட்டிப்பு தரப்பட்டுள்ளது. இது ஏற்கெனவே சந்தையில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்பதால், போட்டியாளரைப் பார்த்து நாமும் அப்படியே செய்துவிடலாம் என்று உங்கள் நிர்வாகம் எண்ணிவிடக் கூடாது.

திருகாணி

விரிவான விளக்கத்துக்கு நன்றி. அமெரிக்காவை முதலில் முடிப்பதென்று முடிவாகிவிட்டது. இயந்திரச் சோதனையைத் தவிர வேறென்ன ஆவணங்கள் வேண்டும், எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் சீராய்வாளர் ஐயா சொன்னால் திட்டத்தை வகுக்க உதவியாக இருக்கும். மூன்று மாதத்தில் முடியும் என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருக்கிறது. அனுமதிக்குப் பின் மேற்பரப்புச் சிகிச்சையைச் சிறிது மாற்றும் எண்ணமும் இருக்கிறது.

சீராய்வாளர்

மூன்று மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கோப்பைப் பெற்றபின் எஃப்.டி.ஏ. தனக்கு வைத்துக்கொண்டுள்ள இலக்கு 90 நாள். ஆனால் அது எஃப்.டி.ஏ.வின் கையில் கோப்பு இருக்கும் நாள்களை மட்டுமே எண்ணுகிறது. கூடுதல் தகவல் கேட்டுக் கடிதம் வந்ததும் கடிகாரம் நின்றுவிடும். பதில் தர உங்களுக்கு 180 நாள் வரை உண்டு, அதற்குள் பதில் போகாவிட்டால் கோப்பு திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். முதல் கோப்பில் கூடுதல் தகவல் கேட்கமாட்டார்கள் என்று திட்டமிடுவது விவேகமன்று. இப்போது கோப்புகள் ஈ-ஸ்டார் என்ற மின்படிவத்தில்தான் அனுப்பப்பட வேண்டும்; 2023 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம். படிவத்தில் ஒரு கட்டாயக் கட்டம் வெறுமையாக இருந்தாலும் முழுமையடையவில்லை என்றே காட்டும் என்பதால், அதை இன்றே தரவிறக்கி, உங்கள் பணிப்பட்டியலாகவே பயன்படுத்துங்கள்.

இயந்திரச் சோதனைக்கு அப்பால், உயிரியல் ஒத்திசைவு (உடலுக்குத் தீங்கு செய்யாத தன்மை) முதலில். முப்பது நாளுக்கு மேல் எலும்போடு தொடர்பில் இருக்கும் பொருள் என்ற வகையில் ஐ.எஸ்.ஓ. 10993 வரிசையின்படி மதிப்பீடு எழுத வேண்டும். உலோகம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 என்ற தரநிலைக்கு இணங்குகிறது என்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது கம்பியாக வந்த உலோகத்தைப் பற்றியது. கடைசல் எண்ணெய், வீசிய துகள், அமிலம் ஆகியவற்றின் எச்சம் உங்கள் இறுதிப் பொருளில் இல்லை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். மின்னணு நுண்ணோக்கிப் படங்களும் மேற்பரப்பின் தனிமப் பகுப்பாய்வும், இறுதிப் பொருளின் சாற்றைக்கொண்டு செய்த செல் நச்சுத்தன்மைச் சோதனையும் இதற்கு வேண்டும். எலும்புத் திருகுக்குச் செய்துவைத்த சுத்திகரிப்புச் சரிபார்ப்பை இதற்கும் காட்டலாமா என்று கேட்பீர்கள். மேற்பரப்பு வேறு என்பதால் அது போதாது.

இம்பிளான்ட் உடல் காமா கதிரால் கிருமி நீக்கப்பட்டு வருமானால் ஐ.எஸ்.ஓ. 11137 படி சரிபார்ப்பும், பத்து லட்சத்தில் ஒன்று என்ற கிருமியற்ற நிலையின் உறுதியும் வேண்டும். அபட்மென்ட் கிருமி நீக்கப்படாமல் விற்கப்பட்டு, மருத்துவரே நீராவியில் செய்வதானால், குறிப்பேட்டில் தரும் வெப்பநிலையும் நேரமும் சரிபார்க்கப்பட்டவையாக இருக்க வேண்டும். பொதியின் உறுதி, முடுக்கிய முதுமையாக்கல் (பொருளைச் செயற்கையாக விரைவில் பழையதாக்கும் சோதனை) மூலம் நிறுவிய காலாவதி வரம்பு, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சின் அளவு, எம்.ஆர்.ஐ. சூழலில் பாதுகாப்பு ஆகியவையும் உண்டு. எம்.ஆர்.ஐ. பகுதியைக் கடைசி வாரம் வரை யாரும் நினைப்பதில்லை.

மேற்பரப்பை மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பாதுகாப்பையோ செயல்திறனையோ குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கக்கூடிய மாற்றம் எதற்கும் புதிய 510(கே) வேண்டும்; எலும்போடு பிணையும் பரப்பை மாற்றுவது அந்த வகையில் விழ வாய்ப்பு அதிகம். பொதியின் அட்டை நிறத்தை மாற்றுவது போன்றவற்றுக்கு உள் ஆவணமாக ஒரு காரணக் குறிப்பு போதும். பழைய மேற்பரப்பில் ஃபடீக், உயிரியல், கிருமி நீக்கம் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் புதியதற்கு மறுபடியும் தொடங்குவது வீண் உழைப்பு.

சோதனைகளுக்கு மாதிரி அனுப்பும் முன், எஃப்.டி.ஏ.விடம் முன்சமர்ப்பிப்புக் கூட்டம் ஒன்று கேளுங்கள். முதன்மைப் பிரெடிகேட் இது, மோசமான சேர்க்கை இது, இந்தச் சோதனைகள் போதுமா என்று குறிப்பான மூன்று நான்கு கேள்விகளை எழுத்தில் வையுங்கள். "எங்கள் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். தரும் பதில் அவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்றாலும், பின்னர் கோப்பை ஆராய்பவர் பெரும்பாலும் அதையொட்டியே நடப்பார். 3.0 மி.மீ. இம்பிளான்டைப் பற்றிய கேள்வியையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள்; இரண்டாவது கோப்புக்கு என்ன வேண்டும் என்பது முதல் கோப்பு போகும் முன்பே தெரிந்துவிடும், வெண்பல் அவர்களும் அதிகம் காத்திருக்க நேராது.